கழிவும் கம்பனி வண்டியும்

பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந்தரப்பு மோட்டார்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டிலே இழப்பீடு கோராது ஓர் ஆண்டைக் கழிப்பவருக்கு மறு ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி குறைக்கப்படும். ஆண்டுகள் கூடக் கழிவும் கூடும். இக்கழிவு வண்டிக்கு உரியதன்று. காப்புறுதிப் பத்திரத்தில் பெயருடையவருக்கே உரியது.

விற்பனைப் பிரதிநிதி ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக இக்கழிவைச் சேர்த்துள்ளார் என்று கொள்வோம். உத்தியோக நிமித்தம் அவருக்குக் கம்பனி வண்டி கிடைக்கின்றது. சொந்த வண்டியை விற்றுவிடுகிறார். ஐந்தாண்டுகள் கம்பனி வண்டியை ஒரு கீறலுமின்றிச் செலுத்துகிறார். பின்னர் வேலையை விட்டுச் சொந்த வண்டி வாங்கும்போது, புதியவரிடம் கேட்பதுபோல முழுக் கட்டணம் கேட்கின்றனர்.

காரணம் யாது? கம்பனி வண்டியின் காப்புறுதி கம்பனியின் பெயரில் இருந்தது. தம் பெயரில் பத்திரமில்லாத காலம் இரண்டாண்டைக் கடந்தால், பழைய கழிவைப் பெரும்பாலான காப்புறுதியாளர் ஏற்பதில்லை. கவனமாய்ச் செலுத்தியவர் அவரே; ஆயினும் அதைக் காட்டும் ஏடு அவர் கையில் இல்லை.

இதற்கு வழி உண்டு. வேலையை விட்டு நீங்குமுன்னரே, விபத்தின்றிச் செலுத்திய காலத்தைக் குறிக்கும் கடிதமொன்றைக் கம்பனியிடமோ அதன் காப்புறுதியாளரிடமோ பெற்றுக்கொள்ள வேண்டும். அக்கடிதத்தைச் சிலர் ஏற்பர், சிலர் மறுப்பர். ஆகையால் ஓரிடத்தில் மட்டும் கேட்டு அமைதல் ஆகாது. நற்பழக்கம் உடையார் அதற்குரிய சான்றையும் பேணுதல் வேண்டும்.