ரூபாயின் மதிப்பும் கூலியின் மதிப்பும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் தாராபுரம் பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். நாள்தோறும் திருப்பூருக்குச் சென்று பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். "ஐயா, டாலர் ஏறினால் முதலாளிக்கு இலாபம் என்கிறார்கள். எனக்கும் இலாபமா?" என்று கேட்டார். வகுப்பில் ஒருநாளும் வாய் திறவாத பையன்! உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

இதே வினா 1925இல் ஓர் உயர்ந்த அவையில் எழுந்தது. ஹில்டன் யங் தலைமையில் இந்திய நாணயம், நிதி பற்றிய அரச ஆணைக்குழு கூடியிருந்தது. இம்பீரியல் வங்கியின் சர் நார்காட் வாரன், பம்பாய்ப் பருத்தி வணிகர் சர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் முதலியோர் உறுப்பினர்கள். டிசம்பர் 15ஆம் நாள் அவர்கள் முன் சாட்சியம் கூற வந்தவர் டாக்டர் அம்பேத்கர். அகவை 34. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இலேயே நூல் வெளியிட்டிருந்தார்.

ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா என்பது அன்றைய வழக்கு. இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். நூறு பவுன் விலையுள்ள சரக்கை ஏற்றுமதி செய்தவர்க்கு முதல் விகிதத்தில் 1,500 ரூபாய் கிடைக்கும். இரண்டாவதில் ஏறத்தாழ 1,333 ரூபாய்தான். தாக்கூர்தாஸ் முன்னதையே வேண்டினார். பின்னர் மாறுபட்ட குறிப்பும் எழுதினார். 1927ஆம் ஆண்டுச் சட்டம் பின்னதையே நிலைநிறுத்தியது.

அம்பேத்கரின் வாதம் வேறு. ரூபாய் மலிந்தால் உள்நாட்டில் விலைவாசி உயரும். கூலி அந்த அளவு உயராது. ஆகவே ஏற்றுமதியாளர் பெறும் ஆதாயம் நாட்டின் ஆதாயமன்று. ஒரு வகுப்பார் மற்றொரு வகுப்பாரிடமிருந்து பெறுவதே என்றார். நாணயம் வெளியிடும் அதிகாரம் ஆட்சியாளரின் விருப்பத்திற்கு விடப்படலாகாது, அதற்கு வரம்பு வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

அவரே ரிசர்வ் வங்கியை நிறுவினார் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அது மிகை. மைய வங்கி வேண்டுமென 1926இல் பரிந்துரைத்தது அக்குழு. சட்டம் 1934இல் வந்தது. வங்கி 1935 ஏப்ரல் 1இல் தொடங்கியது. கூலிக்காரனின் பக்கத்தை அவ்வவையில் எடுத்துரைத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்றும் சமையல் எண்ணெயும் கச்சா எண்ணெயும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. டாலர் ஏறினால் அடுப்பங்கரையில் அது தெரியும். ஏற்றுமதி பெருகினால் வேலைநாள் கூடலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆகவே அம்மாணவரைத் தேடிச் சென்று, வாரச் சம்பளத்தையும் மளிகைச் செலவையும் டாலர் விலையையும் ஒரே நோட்டில் எழுதிவரச் சொன்னேன். மூன்று மாதக் கணக்குடன் வருவதாகக் கூறியிருக்கிறார்.