ரோடு போனது ஒரு ராத்திரியில், வர்றது எப்போ?

(தொண்டூரில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே பெரும்பாலும் அச்சிட்டுள்ளோம்.)

 

பால் கறக்கிற நேரம் வந்துடும், மாடு கத்தும். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறுச்சு. ஏறின புயல் நகரவே இல்லை. அங்கேயே குந்திக்கிட்டு ஊத்துச்சு. நம்ம பக்கத்து மயிலத்துல ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. புதுச்சேரியிலும் 48 சென்டிமீட்டர். ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியதுல பாதிக்கு மேலே ஒரு பகல், ஒரு ராத்திரியில் இறங்கினா எந்த ஏரி தாங்கும், எந்த ஓடை தாங்கும்?

டிசம்பர் 2 விடியறதுக்குள்ள சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் விட்டாங்க. அரசூர்ல தேசிய நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடுச்சு. சென்னைக்கும் திருச்சிக்கும் போற வண்டி எல்லாம் வரிசை கட்டி நின்னுச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணீர் அபாய அளவைத் தாண்டி, ரயிலையே நிறுத்தினாங்க. இதெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். அந்த நெடுஞ்சாலையும் ரயிலும் எவ்வளவு சீக்கிரம் சரியாச்சுன்னும் பார்த்தோம். அதை நான் குறையாச் சொல்லலை. பயணிகளை நடு ரோட்டுல விட முடியாது, அதைச் சீக்கிரம் செஞ்சது நல்ல வேலை. நான் கேட்கிறது இதுதான்: திருச்சிக்குப் போறவர் பயணி என்றால், செஞ்சி கமிட்டிக்கு நெல் மூட்டை ஏத்திக்கிட்டுப் போறவர் யார்? தேர்வு எழுத சைக்கிள்ல போற பொண்ணு யார்?

தண்ணீர் போகிற வழியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தொண்டியாறு என்கிற பேரே நம்ம தொண்டூர் ஏரியில் இருந்துதான் தொடங்குது. மேற்கே மலையில் இருந்து வர்ற சங்கராபரணியோட சேர்ந்து வீடூர் அணைக்குப் போகுது. நாம ஆத்தோட தலையில உட்கார்ந்திருக்கோம். தலையிலேயே இருக்கிறவனுக்கு வெள்ளம் வராதுன்னு ஆபீசுல நினைக்கிறாங்க. ஆனா ஏரி கலுங்கு போனா அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஓடையில் போகும். ஓடை மேலேதான் நம்ம ரோடு எல்லாம் குறுக்கே போகுது. தார் ரோடு அறுந்தது பெரிய ஆத்துல இல்லை, இந்த மாதிரி பேர் தெரியாத ஓடையில்தான்.

எங்க தரைப்பாலம் எப்படிப் போச்சுன்னு சொல்றேன், நான் பக்கத்துல நின்னு பார்த்தவன். அடியில் மூணு சிமெண்ட் குழாய். முதல்ல ஓடையில் வந்த சீமைக்கருவேல முள்ளு, ஆகாயத்தாமரை, வைக்கோல் எல்லாம் குழாய் வாயை அடைச்சுது. தண்ணீர் ஏறி ரோடு மேல வழிஞ்சது. வழிஞ்ச தண்ணீர் கிழக்குப் பக்கம் விழுற இடத்துல மண்ணை அரிச்சு ஆள் உசரம் பள்ளம் தோண்டுச்சு. அந்தப் பக்கம் கல் தளமோ வெட்டுச் சுவரோ இல்லை. அடி மண் போனதும் மேல இருந்த தார் அப்பளம் மாதிரி உடைஞ்சு விழுந்துச்சு. குழாய் ஒண்ணு அரைக் கிலோமீட்டர் தள்ளி வயல்ல கிடந்துச்சு. எஞ்சினியர் படிப்பு இல்லாத எனக்கே புரியுது: திரும்பவும் அதே மூணு குழாயைப் போட்டு மேல மண் கொட்டினா அடுத்த மழைக்கும் இதேதான் நடக்கும்.

ஆனா கொட்டினது மண்ணுதான். பைக் போகும். டிராக்டர் காலியாப் போகும், லோடோட போனா ஒரு பக்கம் இறங்கும். அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு செயின் மெஷின் ஏத்தி வந்த லாரி ஓடையைத் தாண்ட முடியாம, சுத்திக்கிட்டு வந்துச்சு. மெஷினுக்கு மணிக் கணக்கு வாடகை, லாரிக்குக் கூடுதல் வாடகை. நெல்லை வெளியே கொண்டு போக மூட்டைக்கு இவ்வளவுன்னு தனியா ஏத்திக் கேட்டாங்க. பால் வண்டி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்னுடும், கேனைத் தலையில வச்சு நம்ம பொம்பளைங்க தண்ணியில இறங்கி நடந்தாங்க. ஒரு நாள் கேன் கவுந்துச்சு. அந்தப் பால் காசு எந்த நிவாரணக் கணக்குல வரும்?

நிவாரணக் கணக்கையும் பார்ப்போம். பாசன நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய்னு அரசு அறிவிச்சுது, அதுவும் 33 சதவீதத்துக்கு மேல சேதம் இருந்தால். எக்டேர்னா ரெண்டரை ஏக்கர் கிட்ட. ஏக்கருக்குப் பார்த்தால் 6,900 கூட வரலை. குடும்ப அட்டைக்கு 2,000 கொடுத்தாங்க, வாங்கினோம், இல்லேன்னு சொல்லலை. மாநில அரசு உடனடியா 2,000 கோடி கேட்டுது, மத்திய அரசு 944 கோடியே 80 லட்சம் விடுவிச்சது. கேட்டவங்களும் கொடுத்தவங்களும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டாங்க. மல்லாட்டைக் கொல்லையில மணல் மேடிட்டுப் போனவன் நடுவுல நின்னான். இதுல இன்னொரு சங்கதி: பேரிடர் நிதியில் ரோட்டுக்குச் செலவழிக்கலாம், ஆனா உடனடிப் பழுது பார்க்க மட்டும்தான். பழையபடி நடமாட வைக்கலாம், உயர்த்திக் கட்ட வேற திட்டத்துல பணம் தேடணும். அந்த 'வேற திட்டம்' வர்ற வரைக்கும் நாம மண் மேட்டுல நடக்கணும்.

மனு கொடுக்கப் போனோம். முதல் ஆபீசுல, "ரோடு எங்களது, ஓடை எங்களது இல்லை" என்றார்கள். ரெண்டாவது ஆபீசுல, "ஓடை எங்களது, பாலம் எங்களது இல்லை". மூணாவது இடத்துல, "ஏரி உபரித் தண்ணீரால் சேதம், அதனால ஏரி யாருடையதுன்னு கேட்டுட்டு வாங்க". சாயங்காலம் மறுபடி முதல் ஆபீசுக்கே வந்து சேர்ந்தோம், பூட்டியிருந்துச்சு.

அதனால இதை நாமே தெரிஞ்சு வச்சுக்கணும், தோழர்களே. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல இருந்தால் அந்த ஏரி நீர்வளத் துறையுது, அதுக்குக் கீழே இருந்தால் ஒன்றியத்துது. ரோட்டுல ஊராட்சி ரோடு, ஒன்றிய ரோடு, நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கிட்ட இதர மாவட்டச் சாலைன்னு வகை இருக்கு. பிரதமர் கிராம சாலைத் திட்டத்துல போட்ட ரோடா இருந்தால் 5 வருஷம் காண்டிராக்டரே பராமரிக்கணும், ரோடு தொடங்குற இடத்துல போர்டு இருக்கும். போய்ப் படிங்க. போர்டையே காணோம்னா அதையும் மனுவுல எழுதுங்க.

"பாலம் கட்ட நாளாகும்" என்கிறார்கள். ஆகும், ஒத்துக்கிறேன். ஆனா இதையும் கேளுங்க. அதே 2024 ஜூலை 30 வயநாட்டுல மலை சரிஞ்சு சூரல்மலைப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. ராணுவத்தோட மதராஸ் பொறியாளர் படை இரும்புத் துண்டுகளைக் கொண்டு வந்து பூட்டி, 190 அடி நீள பெய்லி பாலத்தை ஏறக்குறைய 31 மணி நேரத்தில் முடிச்சுது. 24 டன் தாங்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைச் சீரழிச்சப்போ, இந்திய ராணுவமே கிளிநொச்சியில் அதே மாதிரி பாலம் போட்டுக் கொடுத்து, டிசம்பருக்குள்ள திறந்தாச்சு. தமிழ் சனங்களுக்குத்தான் செஞ்சாங்க, மனசு குளிர்ந்துச்சு. கடல் தாண்டிப் போன இரும்பு செஞ்சிக்கு வராதா? எல்லா ஓடைக்கும் ராணுவத்தைக் கூப்பிடச் சொல்லலை. மாவட்டத்துக்கு ரெண்டு மூணு இரும்புப் பாலம் தயாரா வச்சிருந்தால், கல் கட்டடம் எழும்புற வரைக்கும் லோடு வண்டி போகும்.

அவசரத்துல எதையாவது கட்டுன்னும் நாம கேட்கலை. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் 16 கோடி ரூபாயில் கட்டின உயர்மட்டப் பாலம், திறந்து மூணு மாசத்துல அந்த டிசம்பர் வெள்ளத்துல போயிடுச்சு. கணக்குப் போட்டதை விடப் பல மடங்கு தண்ணீர் வந்ததுன்னு அரசுத் தரப்பில் சொன்னாங்க. அப்போ கணக்கை மாத்துங்க! நம்ம மாவட்டத்துலேயே தளவானூர் தடுப்பணை 25 கோடியில் கட்டி, 2021 ஜனவரியிலேயே உடைஞ்சதை மறந்துடலை. இனி போடுற பாலம் ஃபெஞ்சல் மழையை அளவா வச்சுப் போடணும். குழாய் வேண்டாம், முள்ளு சிக்காத பெட்டிப் பாலம் வேணும். தண்ணீர் விழுற பக்கம் கல் தளமும் வெட்டுச் சுவரும் வேணும்.

ஒரு கசப்பான பேச்சு. கோவிச்சுக்காதீங்க. ஓடையில பாதியை வரப்பு போட்டு உள்ளே இழுத்தவங்க நம்மிலும் இருக்காங்க. இருபது அடி ஓடை எட்டு அடி ஆனால் மீதித் தண்ணீர் ரோட்டைத்தான் உடைக்கும். அளந்து கல் நடச் சொல்லி நாமளே கேட்போம். என் கொல்லையில் வந்தாலும் விட்டுடறேன், இங்கே எல்லார் முன்னாலேயும் சொல்றேன்.

அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் போடணும். உடைஞ்ச இடத்தோட பேர், நீளம், எத்தனை குடும்பம் அந்த வழியா போகுது, மழைக்கு முன்னே பின்னே எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுக்கணும். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போட்டு, இந்த ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, எதுக்குச் செலவாச்சுன்னு கேட்கணும். 30 நாளில் பதில் வரணும். மனு எழுதத் தெரியாதவங்க கூட்டம் முடிஞ்சதும் இங்கேயே இருங்க, நம்ம பசங்க எழுதித் தருவாங்க. பதில் வரலைன்னா 31-வது நாள் டிராக்டரோட தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போறோம். டீசலை அவங்கவங்க போட்டுக்கணும், சோறு சங்கம் பார்த்துக்கும். பால் ஊத்துற வேலை முடிச்சுட்டு, காலை 9 மணிக்கு ஏரிக்கரை ஆலமரத்தடிக்கு வந்துடுங்க.