குக்கியும் உளவு நிரலும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கிள்ளானில் ஆற்றப்பெற்ற உரை)



விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பால்மரம் வெட்டி, அந்தி சாயும் வேளையில் வீடு திரும்பும் நம் குடும்பங்களிலும் இன்று கணினி இடம்பெற்றுவிட்டது. பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திற்காக வாங்கப்பட்ட அதே கணினியில்தான் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் பார்க்கின்றோம், மின்கட்டணத்தையும் செலுத்துகின்றோம். ஆகவே, நாம் அறியாமல் அதனுள் புகுவது எது, அதனால் நமக்குக் கேடு உண்டா என்று அறிந்திருத்தல் கடமையாகும்.

குக்கி என்பதையும் உளவு நிரல் என்பதையும் பலர் ஒன்றாகவே எண்ணி அஞ்சுகின்றனர். இவ்விரண்டும் வேறு வேறானவை. ஒன்று கணக்கெழுதுபவனைப் போன்றது. மற்றொன்று கன்னமிடும் கள்வனைப் போன்றது.

குக்கி என்பது ஓர் இணையத்தளம் நம் கணினியில் எழுதிவைக்கும் சிறு குறிப்பாகும். 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொந்துலி என்பவர் இதனை உருவாக்கினார். வந்தவர் யார் என்பதை இணையத்தளம் தானாக நினைவிற் கொள்ள இயலாமையால் இக்குறிப்பு தேவைப்பட்டது. நாம் வாங்க விரும்பும் பொருள்களின் பட்டியல் அழியாமல் இருப்பதும், பக்கத்திற்குப் பக்கம் மறைசொல் கேட்கப்படாமல் இருப்பதும் குக்கியினால்தான். அது வெறும் எழுத்து. தானாக இயங்கி எதனையும் அழிக்கவோ திருடவோ வல்லதன்று.

எனினும், விளம்பரக் குக்கியின் போக்கு சற்று வேறானது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலுள்ள ஒரு துணிக்கடைக்குள் நுழைகின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அல்லாத வேறொருவர் வாயிலில் நின்று, எண்ணிட்ட சீட்டு ஒன்றை உங்கள் பையில் இடுகிறார். பின்னர் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நகைக்கடைக்குச் சென்றாலும், மருந்துக்கடைக்குச் சென்றாலும், அங்கெல்லாம் அவருடைய ஆளே நின்று அச்சீட்டைப் பார்த்து, நீங்கள் நோக்கிய பொருள்களை எழுதிக்கொள்கிறார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாமல் இருக்கலாம்; ஆயினும் உங்கள் தேவையும் கவலையும் தெரிந்துவிடுகின்றன. பற்பல தளங்களில் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனங்கள் இவ்வாறே செயற்படுகின்றன.

இதனால் விளையும் தீங்கு யாது? நீரிழிவைப் பற்றித் தாய் ஒருவர் தேடிப் படித்தால், அதே கணினியில் பிள்ளை பாடம் படிக்கும்போது மருந்து விளம்பரங்கள் தோன்றலாம். கடனைப் பற்றித் தேடியவரின் கண்முன், பணமுடை மிகுந்த வேளையில், கடன் விளம்பரங்கள் வந்து நிற்கலாம். ஆகவே குக்கி நம் பணத்தை எடுப்பதில்லை. நம் அந்தரங்கத்தை எடுக்கின்றது. திரட்டி வைக்கப்பட்ட விவரம் என்றேனும் பிறர் கைக்குப் போகலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஏறத்தாழ 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன என்பது 2017 அக்டோபரில் வெளிவந்தது. அது குக்கியால் நேர்ந்ததன்று. ஆனால் சேர்த்து வைப்பதே ஆபத்து என்பதை உணர்த்தியது.

இனி உளவு நிரலுக்கு வருவோம். இது தானாக இயங்கும் நிரல். இலவச விளையாட்டு, திருட்டு மென்பொருள், போலிச் செயலி ஆகியவற்றின் மறைவில் வீட்டிற்குள் நுழையும். தட்டச்சு செய்யும் எழுத்துகளையும் மறைசொல்லையும் களவாடும். சில, தளங்களில் நாம் நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையே கவர்ந்து சென்று, மறைசொல் இன்றியே நம் கணக்கைத் திறந்துவிடும்.

கைப்பேசியும் ஒரு சிறு கணினியே என்பதை மறத்தலாகாது. 2022 ஏப்ரலில் ஈசெட் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு நம் நாட்டு நிகழ்ச்சியைப் பற்றியதே. வீடு துப்புரவு செய்து தரும் நிறுவனங்களைப் போல வேடமிட்ட போலித் தளங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று முகநூல் விளம்பரத்தின் வழியே மக்களை அழைத்தது. செயலியைப் பதிவிறக்கியோர், கட்டணம் செலுத்துவதாக எண்ணித் தம் வங்கி மறைசொல்லைப் போலிப் பக்கத்தில் எழுதினர். வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணைத் தாங்கிய குறுஞ்செய்தியையோ அச்செயலி கள்வருக்கு அனுப்பிவைத்தது. எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி எண் அனுப்பும் முறையை விட்டு மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது.

சட்டத்தின் துணையும் நமக்கு உண்டு. 1997ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டு, அனுமதியின்றிப் பிறர் கணினியுள் புகுவதற்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்பட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கள்வன் கடல் கடந்து இருப்பானாயின், சட்டம் அவனை எட்டுமுன் நம் சேமிப்பு அவனை எட்டிவிடும். ஆதலின் காவல் நம் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

அதற்குச் சில வழிகள் கூறுவேன். இணையத்தளம் குக்கிக்கு அனுமதி கேட்கும்போது, ஆராயாமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டா. மறுக்கும் பொத்தானும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். உலாவியின் அமைப்பில் பிற நிறுவனக் குக்கிகளைத் தடுத்துவிடலாம். பழைய குக்கிகளை அவ்வப்போது அழித்தும் விடலாம். செயலிகளை அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டுமே பெறுக; வாட்ஸ்அப்பில் வரும் திருமண அழைப்பாயினும், அது செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுக. கணினியின் மென்பொருளைப் புதுப்பித்து வருக. கணினி காரணமின்றி மந்தமாதல், முகப்புப் பக்கம் தானே மாறுதல், எங்கும் விளம்பரம் முளைத்தல் ஆகியன ஐயத்திற்கு உரிய அறிகுறிகளாம். அந்நிலையில் அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாமல், விவரம் அறிந்தவரைக் கொண்டு சோதித்து, மறைசொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுக.

பணம் பறிபோயிற்று என்று அறிந்த உடனே, வெட்கத்தால் வாளாவிருத்தல் கூடாது. வங்கியை அழையுங்கள், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்னும் எண்ணை அழையுங்கள், காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். தாமதம் கள்வனுக்கே உதவும்.

நம் பிள்ளைகள் இக்கருவியை நம்மினும் நன்கு அறிவர். அவர்களை அருகில் அமர்த்தி, உலாவியின் அமைப்பை இன்றிரவே திறந்து பாருங்கள். அவர்களுக்குக் கருவி தெரியும். உங்களுக்கு உலகம் தெரியும். இரண்டும் சேர்ந்தால் வீட்டிற்குக் காவல் உண்டு.