நம் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

(சிங்கப்பெருமாள் கோயிலில் கூடிய பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரை)



சற்று முன் இங்கே நடந்த வாக்குவாதத்தை எல்லோரும் கேட்டோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகளைச் சேர்ப்போம் என்றார்கள் சிலர். "இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிற இடத்தில் சேர்த்து என்ன பிரயோஜனம்? கடன் வாங்கியாவது வேன் வருகிற பள்ளியில் போடுவோம்" என்றார்கள் வேறு சிலர். தனியார் பள்ளியில் இலவச இடத்துக்கு மனுப் போடலாம் என்றவர்களும் உண்டு. குரல் உயர்ந்தது, கோபமும் வந்தது. வரட்டும். பிள்ளைகளின் படிப்புக்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படப் போகிறோம்?

ஆனால் வேனில் ஏற்றிவிடும் தாயைப் பார்த்து "இங்கிலீஷ் மோகம்" என்று ஏசுவது நியாயமல்ல. ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கிறவர்களுக்குக் கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து நிற்கிறது. நடவுக்குப் போகிறவள் வெயில் ஏறுமுன் வயலில் இறங்கியாக வேண்டும். பள்ளி மணி அடிக்கும்வரை பிள்ளையை யார் பார்ப்பது? சாயங்காலம் ஷிப்டு முடிந்து வரும்வரை அது எங்கே நிற்கும்? வேன்காரர் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறார். பாதிப் பெற்றோர் காசு கொடுப்பது இங்கிலீஷுக்காக அல்ல, இந்தக் காவலுக்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளி முதல் வகுப்பில்தான் கதவைத் திறக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆக வேண்டும். தனியார் பள்ளியோ மூன்று, மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி. என்று வரவேற்கிறது. சீருடை, செருப்பு, புத்தகம் என்று இரண்டு வருஷம் பணம் கட்டிய பிறகு அங்கிருந்து பிள்ளையைப் பிரித்துக்கொண்டு வர எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? ஆக, எந்தப் பள்ளி என்ற முடிவு மூன்று வயதிலேயே ஆகிவிடுகிறது. அந்த வயதில் பெரும்பாலான ஊர்களில் சர்க்கார் பள்ளி போட்டியிலேயே இல்லை.

இதைச் சரி செய்ய ஒரு முயற்சி நடந்தது. 2019-இல் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஏழைப் பெற்றோர் நம்பிச் சேர்த்தார்கள். 2022 ஜூன் மாதம் அவற்றை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. கண்டனம் எழுந்தது, சில நாளைக்குள் அறிவிப்பு மாறியது. வகுப்புகள் தொடரும், சிறப்பு ஆசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்றார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த 5,000 ரூபாயைப் பாருங்கள். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குச் சட்டப்படி தினக்கூலி 281 ரூபாய். பதினெட்டு நாள் மண் வெட்டினால் கிடைக்கிற கூலியை மாதம் முழுதும் பாடம் சொல்லித் தருகிறவருக்குக் கொடுத்தார்கள்!

இனி ஆசிரியர் கணக்குக்கு வருவோம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். அதற்கு மேல் 200 வரை 5 பேர். அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்பது சட்ட மீறல் அல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஒரு தெருப் பிள்ளைகள் வேனில் ஏறினால் ஒரு ஆசிரியர் இடம் "உபரி" ஆகிறது. அவரை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். வாத்தியார் இல்லை என்று அடுத்த தெருவும் வேனில் ஏறுகிறது. கடைசியில் பிள்ளைகளே இல்லாத பள்ளி எதற்கு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது. அப்போது எஞ்சி நிற்பவர்கள் யார்? செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்கிற இருளர் வீட்டுப் பிள்ளைகள், வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், நம் கூலிக்காரத் தெருப் பிள்ளைகள்.

"பணமில்லை" என்ற இந்தப் பல்லவி புதிதல்ல. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நாளைக்கு மூன்றே மணி நேரம், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டும். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு ஷிப்டு. செலவில்லாமல் இருமடங்கு பிள்ளைகள் என்று கணக்குப் போட்டார்கள். பண்ணையாள் மகன் என்ன தொழில் கற்பான்? ஆண்டை வீட்டு மாட்டை மேய்க்கக் கற்பான்! பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் இல்லை என்பதையும் ஜனங்கள் கவனித்தார்கள். திராவிட இயக்கத்தார் ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்தார்கள். கம்யூனிஸ்டுகளும் எதிர்த்து நின்றார்கள். சட்டசபையில் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகரின் ஒரு வோட்டால் தோற்றது. திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. குழு திட்டத்துக்குச் சாதகமாகத்தான் அறிக்கை கொடுத்தது. என்றாலும் 1954 ஏப்ரலில் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார். மே மாதம் திட்டம் ரத்தானது. நிபுணர்கள் ஆதரித்ததை ஜனங்கள் அடித்து நொறுக்கினார்கள்.

பிறகு 1956-இல் மதிய உணவு வந்தது. 1958-இல் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். சர்க்கார் செய்ய வேண்டியதை ஏழைகள் தலையில் கட்டியது சரியா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்று ஊர்ப் பெரியவரும் கூலியாளும் ஒரே பள்ளியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். 1966-இல் கோத்தாரி கமிஷன் எல்லோருக்கும் பொதுவான அருகமைப் பள்ளி வேண்டும் என்றது. 2015-இல் அலகாபாத் ஐகோர்ட்டு, அதிகாரிகளின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றே தீர்ப்புச் சொன்னது. இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் பற்றி ஒரு தோழர் கேட்டார். கிடைத்தவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அது எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். 2025-இல் நடந்தது நினைவிருக்கிறதா? டில்லி பணம் தரவில்லை என்று சென்னை சொன்னது. வழக்கமாகக் கோடையில் தொடங்கும் சேர்க்கை, ஐகோர்ட்டு வரை போய், அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூன் மாதமே பள்ளி திறந்துவிட்டது. நடுவில் அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எத்தனை வட்டிக்காரன் வாசலில் நின்றார்களோ! இரண்டு சர்க்கார்களும் முட்டிக்கொண்டால் முதலில் மூடுவது பிறத்தியார் வீட்டில் நமக்குக் கொடுத்த திண்ணைதான்.

ஆகையால் நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வேண்டும், அதற்கு முழுச் சம்பள ஆசிரியர் வேண்டும். எண்ணிக்கை எதுவானாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை பத்திரமாக இருக்க ஏற்பாடு வேண்டும். காலைச் சிற்றுண்டி 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. சோறு போட முடிந்த சர்க்காரால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்துவைக்க முடியாதா?

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். யார் உறுப்பினர் என்று பலருக்குத் தெரியாது. நாளைக்கே பள்ளிக்குப் போய்ப் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். ஆசிரியர் இடங்களை வழக்கமாக ஆகஸ்டு 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். ஒருவர் மட்டும் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தால் அது தியாகம். ஒரு தெருவே ஜூலைக்குள் சேர்ந்து வந்தால் அங்கே இன்னொரு ஆசிரியர் வருவார். எனவே தெருவாரியாகப் பேசி முடிவெடுங்கள்.

கிராம சபை கூடுகிற ஊர்களில் மே 1-ஆம் தேதி சபை உண்டு. அன்று கொடியேற்றிவிட்டு நேரே அங்கே போவோம். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காரட்டும். ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று முதலில் கேளுங்கள். இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடும்வரை ஒருவரும் எழுந்து வர வேண்டாம்.