கொதிக்கும் நீரின் துணை



மேட்டில் ஏறும் பழைய மோட்டார் வண்டி, உள்ளிருந்து யாரோ சுத்தியால் தட்டுவதுபோல் ஓசையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன், சிலிண்டரின் கோடியில் எஞ்சிய கலவை தானே பற்றிக்கொள்வதால் எழும் ஓசை அது. அலுவலகத்தில் அதைத் ‘தட்டல்’ என்று பெயர்த்து வருகிறேன். நீடித்தால் பிஸ்டனே சிதைந்துபோகும்.

பெட்ரோல் இத்தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதைக் கூறுவதே ஆக்டேன் எண். அதனை அளப்பதற்கென்றே ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று 1928-29இல் அமெரிக்காவின் வாக்கிஷா நகரில் உருவாயிற்று. அதன் வழிவந்தவையே இன்றும் சோதனைக்கூடங்களில் ஓடுகின்றன. கலவையை எவ்வளவு இறுக்கி அமுக்குவது என்பதை ஓடும்போதே மாற்றலாம். பெட்ரோலின் தட்டலை, ஐசோஆக்டேனும் ஹெப்டேனும் சேர்ந்த ஒப்புக்கலவையின் தட்டலோடு ஒப்பிடுவர். நூற்றுக்கு 91 பங்கு ஐசோஆக்டேன் உள்ள கலவையோடு ஒத்துப்போனால் எண் 91.

இங்கேதான் வெப்பம் குறுக்கிடுகிறது. சிலிண்டரின் சுவர் சூடேறினால், உள்ளே வரும் கலவையும் சூடேறி எளிதில் தட்டும். பெட்ரோலுக்கு ஒரு சூடு, ஒப்புக்கலவைக்கு வேறொரு சூடு என்றால் ஒப்பீடே பொய்த்துவிடும். நல்ல சரக்கும் தள்ளுபடியாகும்.

இதற்குக் கண்ட வழி நம் அடுக்களையிலேயே உள்ளது. நீர் கொதித்தபின் அடுப்பை எத்துணை எரித்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. சேரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. வெப்பம், வெப்பநிலை இரண்டையும் ‘சூடு’ என்றே எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் இடறி விழுவர், நானும் விழுந்தவனே. ஆகவே சிலிண்டரைச் சூழ்ந்த உறையில் நீரைக் கொதிக்கவே விட்டுவிடுகின்றனர். ஆவி மேலேறி, தண்ணீர் ஓடும் குழாய்ச்சுருளில் பட்டுக் குளிர்ந்து, நீராகி உறைக்கே இறங்குகிறது. பம்பு வேண்டுவதில்லை. உறையின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ். அதிலிருந்து ஒன்றரைப் பாகைக்கு மேல் விலகலாகாது.

சென்னைக் கடற்கரையில் இது எளிது. உங்களுள் பெங்களூரில் வாழ்வோர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே நீர் சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடும். அத்தகைய இடங்களில் நீரோடு கிளைக்கால் சேர்த்துக் கொதிநிலையை 100க்கு உயர்த்துவர். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்திற்கேற்ப அட்டவணைப்படி மாற்றுவர். அதன்பின்னரே, கடற்கரையில் கண்ட எண்ணும் மேட்டுநிலத்தில் கண்ட எண்ணும் ஒன்றோடொன்று பேசும்.