சிப்பி ஓட்டின் பராமரிப்புச் செலவு



சென்ற வெள்ளிக்கிழமை ஃபஹாஹீல் கடற்கரையில் ஒரு பழைய சிப்பி ஓட்டை எடுத்தேன். வெளிப்புறமெங்கும் சல்லடைபோல் சிறு வட்டத் துளைகள். விரலால் அழுத்தியதும் ஓரம் பொடிந்தது. ஒரே ஒரு துளை என்றால் நத்தையின் வேலையாக இருக்கலாம். இத்தனை துளைகள் என்றால் குடியிருந்தது துளையிடும் கடற்பஞ்சு.

பஞ்சு என்றதும் செடி என்று எண்ண வேண்டாம், அது விலங்கு. வாய், வயிறு, இதயம், நரம்பு எதுவும் கிடையாது. உள்ளிருக்கும் செல்கள் சாட்டை போன்ற இழைகளை அசைத்துக் கடல்நீரை இழுக்கும். அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும். பிறகு நீரை வெளியே தள்ளும்.

'கிளியோனா' என்ற இந்த வகை சிப்பியின் சதையைத் தின்பதில்லை. அதற்குத் தேவை குடியிருக்க ஒரு வீடு. அதன் செல்கள் அமிலத்தால் சுண்ணாம்பு ஓட்டைச் சுற்றிலும் அரித்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்க்கின்றன. சில்லுகள் வெளியேறும் நீரோடு போய்விடும்.

சிப்பி சும்மா இருக்குமா? துளை உள்ளே நெருங்க நெருங்க, உட்புறத்தில் பளபளப்பான படலத்தைப் பூசி அடைக்கும். முத்தும் அதே படலத்தால் ஆனதுதான். என் போன்ற கணக்கனுக்கு இது பராமரிப்புச் செலவு. வரவெல்லாம் சுவர் பூசவே போனால் சேமிப்பு ஏது? ஓடு பலவீனமானால் நண்டுக்கும் மீனுக்கும் கொண்டாட்டம்.

இலங்கைப் பக்கத்து முத்துப்பார்களில் 1891க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. காரணம் அறிய 1902இல் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் வந்தார். அவருடைய அறிக்கைக்காகக் கடற்பஞ்சுகளை ஆராய்ந்த ஆர்தர் டெண்டி, 1905இல் முத்துச்சிப்பியின் பெயராலேயே ஒன்றுக்கு 'கிளியோனா மார்கரிடிஃபெரே' என்று பெயரிட்டார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. 1973இல் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தில் வெற்றி கண்டது. வளர்ப்புச் சிப்பிகளையும் இந்தப் பஞ்சு விடவில்லை.

பழியெல்லாம் பஞ்சின் மேல் போடுவதும் நியாயமில்லை. ஃபஹாஹீலும் எண்ணெய்க்கு முன் மீன் பிடித்து, முத்துக்குளித்து வாழ்ந்த ஊர்தான். குவைத்தின் முத்துத் தொழிலைச் சாய்த்தது ஜப்பானிய வளர்ப்பு முத்தும் பிறகு வந்த எண்ணெயும். செத்த ஓடுகளைப் பொடியாக்கிக் கடலுக்கே திருப்பித் தருவதும் இந்தப் பஞ்சுதான்.

அந்த ஓடு இப்போது என் மேசையில் இருக்கிறது. உட்புறம் வழவழப்பு. ஓரிடத்தில் மட்டும் சிறு மேடு தட்டுப்படுகிறது. சிப்பி பூசி அடைத்த இடம். வெளியே அதற்கு நேர் எதிரே ஒரு துளை.