பற்சக்கர எண்ணெய் கூறும் சேதி

கண்ணாடியிழைப் படகின் பின்புறம் மாட்டியிருக்கும் மோட்டாரில், எந்நேரமும் நீருக்குள் நின்று உழைப்பது அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியாகும். பொதுவாக 100 மணி நேர ஓட்டத்திற்கு ஒரு முறை அதன் எண்ணெயை மாற்றுதல் வேண்டும்.

மோட்டாரை நேராக நிறுத்திக் கீழ்த்திருகையும், பின்னர் மேல்திருகையும் கழற்றுக. வடியும் எண்ணெயை அகற்றுமுன் உற்றுநோக்குக. பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். உலோகத் துண்டுகள் தென்பட்டால், பற்களுக்கே ஊறு நேர்ந்துள்ளது. பழுதை நீக்காமல் புதிய எண்ணெயை மட்டும் ஊற்றிப் புறப்படுவோர், நடுக்கடலில் துடுப்பை நம்ப நேரிடும்.

புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியே, மேல்துளையில் வழியும்வரை ஏற்றுக; அப்பொழுதுதான் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். புதிய வாஷர்களை இட்டு, மேல்திருகை முதலிலும் கீழ்த்திருகைப் பின்னரும் இறுக்குக. பழைய எண்ணெயைக் கடலில் கொட்டாதீர். நமக்குச் சோறிடும் வயல் அது.